பூந்தொட்டியில் நாற்பது கடலை

மொட்டை மாடியில் கிடந்த பழைய பூந்தொட்டியில் ஓர் அணில் நாற்பது நிலக்கடலைகளைப் புதைத்து வைத்திருந்தது. கோடைக்கு வைத்துக்கொள்வதா, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதா என்று தினமும் யோசிக்கும். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று மண்ணை மூடிவிடும்.

பக்கத்து மரப்பொந்துக் கிளிக்கு இறக்கையில் அடிபட்டது. இரை தேடப் போக முடியவில்லை.

“தம்பி, நாலு கடலை இருந்தா குடேன். பசி தாங்கல.”

“எங்கிட்ட ஏதுக்கா? அன்னன்னிக்குத் தேடித் தின்னுற பொழப்பு.”

“அட பாவமே, உனக்கும் கஷ்டந்தானா!” என்ற கிளி, தன்னிடம் மிச்சமிருந்த கொய்யாத் துண்டில் பாதியை அணிலிடம் தள்ளியது. அணில் அதையும் தின்றது.

அன்று பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. வெயில் வந்ததும் அணில் ஓடிப்போய்ப் பார்த்தது. தொட்டி முழுக்கக் கடலைச் செடிகள் பச்சைப்பசேலென்று முளைத்து நின்றன.

மெலிந்துபோன கிளி தத்தித் தத்தி வந்தது. செடிகளைப் பார்த்தது, அணிலைப் பார்த்தது.

“காத்துல எங்கேர்ந்தோ வந்து விழுந்திருக்கும், இல்ல தம்பி?”

“ஆமாக்கா.”

நிலக்கடலை காற்றில் வராது என்று இரண்டுக்கும் தெரியும். அணிலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன வாரம் தின்ற கொய்யா இன்னும் தொண்டையிலேயே நிற்பது போலிருந்தது.