செம்மண் கூடை

"அங்கனயே நில்லு வேல்சாமி. நாயைக் கிட்டக் கொண்டாராத."

சங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் நாற்காலியைப் போட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார் ஹமீது சுல்தான். கீழக்கரையில் சங்கு வியாபாரம். கொழும்பிலிருந்த துரை ஒருவர், சீமைக்குப் போகும்போது சிநேகிதத்தை நம்பி அவரிடம் விட்டுப்போன நாய் அது. ஆப்கன் ஜாதி. இடுப்பு உயரம், தரையைக் கூட்டும் முடி. பெயர் லேடி.

"மதுரையில நாய்க் கண்காட்சி அடுத்த மாசம். துரை நேரா அங்க வாராரு. முடியில ஒரு சிக்கு இருந்தாலும் ஆளை மாத்தச் சொல்லி எழுதியிருக்காரு. வெளங்குதா?"

"வெளங்குது மொதலாளி."

வேல்சாமிக்குப் போன வருஷம் சாயல்குடியில் பனையிலிருந்து விழுந்ததில் வலது கை விரல்கள் மடங்குவதில்லை. அதை மறைத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்திருந்தான். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

முதலாளி உள்ளே போனதும் காவல்கார இருளாண்டியிடம் எரிந்து விழுந்தான்.

"தொடாத மனுசனுக்கு எதுக்குய்யா நாயி?"

"அவுக மார்க்கம் அப்படி. ஈர நாயி மேல பட்டா ஏழு தரம் கழுவணும். துரைக்கு வாக்குக் குடுத்துட்டாரு, வச்சிருக்காரு."

நல்ல வாக்கு. வாக்கு அவருக்கு, பாடு நமக்கு என்று நினைத்துக்கொண்டான் வேல்சாமி.

முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்துச் சீவ வேண்டும். முதுகுப் பக்கம் இடது கையாலேயே ஒப்பேற்றிவிடலாம். காதுக்குப் பின்னாலும் வயிற்றுக்கு அடியிலும் விழும் சிக்குதான் ஆளைக் கொல்லும். ஒரு கையால் முடியின் வேரைப் பிடித்தால்தான் மறு கையால் சிக்கெடுக்க முடியும். பிடிக்காமல் இழுத்தால் நாய்க்கு வலிக்கும், பிடிக்க இவன் கைக்கு வராது. அப்படியே விட்டுவிட்டு மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனான்.

திரும்பி வந்து பார்த்தால் சிக்கைக் காணோம்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வேல்சாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஏய், நீ கிட்டங்கிப் பக்கம் வந்தியா?" என்று மனைவியைக் கேட்டான்.

"எதுக்கு?" என்றாள் சண்முகவள்ளி.

"நாய்க்குச் சிக்கெடுக்க."

"எந்தலையச் சீவவே எனக்கு நேரமில்ல. கட்டுனவளுக்கு ஒருநா பேன் பாத்து விட்டிருப்பீகளா? கேள்வியப் பாரு."

ஒருநாள் சிக்குக்குள் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போனான். வந்து பார்த்தபோது நூல் ஜன்னல் திட்டில் பத்திரமாக இருந்தது. சிக்கு இல்லை. பேயாக இருக்குமோ? பட்டப்பகலில் நாய்க்குத் தலைவாரிவிடும் பேயை அவன் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் குழப்பம் போதாதென்று முதலாளியின் இம்சை வேறு.

"வேல்சாமி, சனிக்கிழமை வரும்போது ஒரு கூடை செம்மண் கொண்டா. பூச்செடிக்கு."

கடற்கரையில் ஏது செம்மண்? இரண்டு மைல் உள்ளே போய் அள்ளி, தலையில் சுமந்து வந்தான். நாலு சனிக்கிழமை, நாலு கூடை. கிட்டங்கியைச் சுற்றி ஒரு பூச்செடி இல்லை.

"பூச்செடி எங்கய்யா?"

"மொளைக்கும், மொளைக்கும்," என்றான் இருளாண்டி.

மனசுக்குள் முதலாளியைத் திட்டாத நாள் இல்லை.

நாயை மதுரைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள். கஞ்சிக்குப் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, பாதி வழியில் திரும்பிவந்து சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் வேல்சாமி. இன்று பேயைப் பிடித்தே தீருவது.

கிணற்றடியில் இருளாண்டி நாயைப் பிடித்திருந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர முடியின் வேரைப் பிடித்துக்கொண்டு சிக்கெடுத்துக்கொண்டிருந்தார் ஹமீது சுல்தான். லேடி கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தது.

"இந்தப் பாடு ஒங்களுக்கு எதுக்கு மொதலாளி? வேற ஆளப் போட்டா முடிஞ்சு போச்சு," என்றான் இருளாண்டி.

"போட்டா அவன் எங்க போவான்? கை ஏலாதுன்னு வந்த அன்னைக்கே தெரியும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிறாத. வெக்கப்பட்டு வேலைய விட்டு நின்னுருவான்."

எழுந்தார். மூலையிலிருந்த கூடையிலிருந்து செம்மண்ணை ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்தார். கலங்கிய தண்ணீரை விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை ஊற்றித் தேய்த்துக் கழுவினார். பிறகு நல்ல தண்ணீரால், ஒவ்வொரு தடவையாக.

சுவருக்குப் பின்னால் நின்று வேல்சாமி எண்ணினான். மண் தண்ணீரோடு சேர்த்து ஏழு. அதற்கு மேல் கண்ணீர் மறைத்தது. வந்த வழியே சத்தமில்லாமல் போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் மதுரை ரயிலுக்கு நாயைக் கூட்டிப்போக வந்தவன், தலையிலிருந்த கூடையைக் கிணற்றடியில் இறக்கி வைத்தான்.

"இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையே. நான் கேக்கவும் இல்ல. மண்ணு எதுக்கு?" என்றார் ஹமீது சுல்தான்.

வேல்சாமி தலையை நிமிர்த்தவில்லை.

"பூச்செடிக்குத்தான் மொதலாளி."