நாலு சிட்டிகை

மைதா மூட்டைக்குள் கையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி. அந்தப் பக்கம் அவன் மனைவி மாரீஸ்வரி. அவளுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வெறும் ரசஞ்சோறுதாங்க சாப்பிட்டேன். மறுபடியும் மூணு தடவை போயிருச்சு. பிள்ளைக்கும் வயிறு கல்லாட்டம் இருக்கு."

ரசம் அவன் வைத்தது. காலையில், வேலைக்குக் கிளம்பும் முன்.

புளி. தக்காளி. மிளகு. சீரகம். பூண்டு. மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எதிலும் குற்றமில்லை.

கடைசியாகப் பெருங்காயம்.

குனிந்து கையைப் பார்த்தான். முழங்கை வரை வெள்ளை.

விருதுநகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பெருங்காயப் பட்டறை அது. பதினோரு வருஷமாக அவனுக்கு அங்கே ஒரே வேலைதான். வெளிநாட்டிலிருந்து வரும் பெருங்காயப் பாலை ஊறவைப்பான். மைதாவைக் கொட்டுவான். பிசைவான். சொல்லப்போனால், அவன் பிசைவதில் பாலைவிட மாவுதான் அதிகம்.

தெரியாதா என்ன?

நன்றாகத் தெரியும். பட்டறையில் அது மைதா. வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்தால் பெருங்காயம். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா பிள்ளையைப் பார்க்குமுன்பே தாயைத்தான் பார்த்தார்.

"நீ கையைக் காட்டும்மா."

முழங்கையில் அரிக்கும் கொப்புளங்கள். வாயில் ஆறாத புண். சத்து மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம். சோற்றில் கை வைத்த கையோடு ஓட வைக்கும் வயிறு. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஊரே சொல்லியிருந்தது. அவனும் சொன்னான்.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அவளுக்குக் கோதுமை ஆகாது என்றார் டாக்டரம்மா. மைதா, ரவை, சேமியா, எதுவுமே கூடாது. நாலு மாதப் பிள்ளைக்கு வயிறு உப்புகிறது, கோழை கோழையாகப் போகிறது, எடை ஒரு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் இதுதான் காரணமா என்று இப்போது சொல்ல முடியாது, அம்மா முதலில் நிறுத்தட்டும், பார்ப்போம் என்றார்.

அன்றோடு பரோட்டா நின்றது. பன்னும் பிஸ்கட்டும் நின்றன. அவளைப் பார்க்க வைத்துத் தின்னக் கூடாதென்று அவனும் நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா அன்றைக்கே கேட்டிருந்தார். "வீட்டுல வேற எதுலயாவது மைதா இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல பொட்டு மைதா கிடையாது டாக்டர்."

நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

இன்று சாயங்காலம் மறுபடியும் போக வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மாரீஸ்வரி யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. பிள்ளையைப் பார்க்க வந்த அவன் அம்மா வேறு, "பெத்தவ பாலே ஆகலைன்னா என்னத்தச் சொல்ல" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அவன்தான் தைரியம் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் அடுப்படியையும் கையில் எடுத்துக்கொண்டான்.

வாயுவுக்குப் பெருங்காயம் கைகண்ட மருந்து. தாய் தின்றால் பாலில் இறங்கிப் பிள்ளைக்கும் கேட்கும். பட்டறையில் சனிக்கிழமைதோறும் உடைந்த பெருங்காயத் துண்டுகளைச் சும்மா தருவார்கள். அவனுக்கு என்ன குறை? ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டவன் இரண்டாக்கினான். மோரில் போட்டான். பூண்டுக் குழம்பில் போட்டான். பிள்ளை அழ அழச் சிட்டிகையைக் கூட்டினான்.

இன்றைக்கு நாலு.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். அப்படிச் செய்கிறவனுக்காவது, தான் கிள்ளுவது தெரியும்.

மூட்டையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த வேகத்தில் விட்டான்.

சட்டையைப் பார்த்தான். அதிலும் மாவு. இந்தச் சட்டையோடுதான் தினமும் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறான். பிள்ளை தோளில் வாயை வைத்துச் சப்பும். அப்பன் வாசனை தெரிகிறது பார் என்று அவன் பெருமைப்பட்டுக்கொள்வான்.

"என்னங்க, இருக்கீங்களா?"

கைபேசியோடு குழாயடிக்குப் போனான். தண்ணீர் பட்டதும் மாவு பசையாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாக உருண்டது. போகவில்லை.

"மாரி, அந்தப் பெருங்காய டப்பாவத் தூக்கி வெளிய வையி."

"எதுக்கு?"

"அதுல மைதா இருக்கு. நான்தான் போட்டுப் பிசையிறேன்."

அந்தப் பக்கம் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் கேட்டதோ வேறு.

"அப்ப... என் பாலு நல்ல பாலுதானாங்க?"

தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று இருந்துவிடப் பார்த்தான்.

முடியவில்லை. குழாயை மூடினான்.

அவள் மறுபடியும் கேட்டாள்.