கடிக்காத மீன்

"மெதுவா போ," என்றான் சிங்காரம். "இந்த வேகத்துக்கு ஒண்ணும் வராது."

செல்லி துடுப்பைத் தளர்த்தினாள். பரிசல் அரைச் சுற்று சுழன்று, அப்புறம் மனசு வந்தாற்போல் முன்னே நகர்ந்தது. பின்னால் நைலான் நரம்பு நீண்டு கிடந்தது. அதன் ஒரு முனை புருஷனின் இடது ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தது. மறுமுனையில், தண்ணீருக்குள் எங்கேயோ, முள்ளில் கோர்த்த கெண்டைக்குஞ்சு இழுபட்டு வந்துகொண்டிருந்தது.

விடிந்ததிலிருந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அணையை உழுதுகொண்டிருந்தார்கள். நேற்றும் இப்படித்தான். போன வாரமும் இப்படித்தான்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஈயக்குண்டைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். மதகுப் பக்கம் போனார்கள். மலையிலிருந்து ஓடை வந்து விழும் மூலைக்குப் போனார்கள். கெண்டைக்குஞ்சை விட்டுத் தவளைக்கு மாறினார்கள். மறுபடியும் கெண்டைக்குஞ்சுக்கே வந்தார்கள். பேருக்கு ஒரு விரால்கூட ஏறவில்லை.

சிங்காரம் நாளுக்கு ஒரு காரணம் சொன்னான். தண்ணி குளிர்ந்துபோச்சு என்றான். மலையில் பெய்த மழையில் கலங்கிவிட்டது என்றான். நீர்க்காகம் தின்று தீர்த்துவிட்டது என்றான். நேற்று வேறு காரணம் கிடைக்காமல் அணையைக் கட்டினவர்களையே திட்டினான்.

செல்லி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள்.

கரையில் மீன்காரி சின்னக்குழந்தை அலுமினியக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மீன் வாங்கிக் கண்ணமங்கலத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவள். ஆரம்பத்தில் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்பாள். இப்போது ஆட்டுவதில்லை. வலைக்காரர்கள் கரை சேர்ந்ததும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

செல்லிக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போனால் கேழ்வரகுக் கொல்லையில் களை காத்திருக்கிறது. எடுக்காவிட்டால் இந்த மழைக்குக் களைதான் விளையும். மறுபடி ஒரு துடுப்பு போட்டாள்.

"இரைய பாரு," என்றான்.

நரம்பை இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. அந்த நேரத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜவ்வாது மலையைப் பார்ப்பான், மேகம் இறங்குகிறதா என்று. அவள் அவனுக்கு முதுகைக் காட்டியபடி இழுத்து, முள்ளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பிடியே கீதா?"

"அப்பிடியே கீது."

முள் வெறுமையாக இருந்தது.

நேற்றும் வெறுமையாகத்தான் இருந்தது. சில தடவை பாதிக் குஞ்சு மிஞ்சும், பல் பட்ட தடத்தோடு. பல தடவை அதுவும் இருக்காது. செல்லி சத்தமில்லாமல் இன்னொன்றைக் கோர்த்துத் தண்ணீரில் விட்டுவிடுவாள். அணை நிறைய மீன் இருந்தது.

தை மாசம் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து சிங்காரம் விழுந்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. கழுத்தில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார் வேலூர் டாக்டர். இடது கை அசைந்தது. அதில் உணர்ச்சி மட்டும் இல்லை. திரும்பி வந்தாலும் வரலாம் என்றார்.

அவன் பீச்சாங்கைக்காரன். அரிவாளோ கடப்பாரையோ, எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான். ஒரு நாள் அடுப்பில் காய்ந்த சட்டியை அந்தக் கையால் இறக்கி வைத்துவிட்டு, பேசிக்கொண்டே நின்றான். கொப்புளத்தை முதலில் பார்த்தது செல்லி. அதற்கப்புறம் வீட்டில் கையைப் பற்றிய பேச்சே இல்லை. மழை தொடங்கியதும், மீனாவது பிடிக்கலாம் என்று பரிசலை எடுத்தான்.

அணையில் மீன் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அணையைத் திட்டிக்கொண்டிருக்கட்டும். அணைக்கு வலிக்கவா போகிறது.

"கை கடுக்குதுய்யா," என்றாள். "நீ கொஞ்ச நேரம் துடுப்ப புடி."

அது நிஜம்தான். இனி ஒரு துடுப்புகூடப் போட முடியாது போலிருந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் நரம்பை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வலது கையால் துடுப்பை வாங்கினான். அவள் நரம்பைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கொஞ்ச தூரம்கூடப் போயிருக்கமாட்டார்கள். நரம்பு விரலை வெட்டியது.

பெரிய மீன். மணிக்கட்டு வரை வலித்தது. செல்லி பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பை விட்டுக்கொடுத்தாள். போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"இன்னா?" என்றான்.

"பாசி."

அவன் துடுப்பை நிறுத்தினான். நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடுவதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"பாசி ஓடாது, செல்லி."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெனமும் இப்பிடித்தான் ஓடும்," என்றான். "கண்ணால பாத்துக்கினுதான் இருந்தேன். மொதல்ல வெரலு சொல்லட்டும்னு உட்டுட்டேன்."

மீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விரலிலிருந்து ரத்தம் வந்தது.

"இழு," என்றான். "இத உட்டுடாத."

ஒற்றைக் கையால் துடுப்பை அழுத்தி, மீன் ஓடும் பக்கம் பரிசலைத் திருப்பினான்.