பூட்டிய டேப்

“பதினோரு மணிக்குள்ள அவன் முடி கீழ விழலேன்னா நாம விழுந்துருவோம்லா,” என்ற வேலு, கத்தரிக்கோலை கிட்டார் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான்.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யூசுப் தன் புது கிராப்பைத் தடவிக்கொண்டான். போன வாரம்வரை தோளில் புரண்ட முடி. “புடிச்சு அமுக்கி வெட்டப் போறியா? சற்குணத்தையா? அவன் விடுற ஒரே அறையில ரெண்டு பேரும் வெல்ட் கீ கடல் தண்ணியில போய் விழுவோம்.”

வேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கடை மாடி, சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய அறை. இதற்குள் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டியாகிவிட்டது. ஷிஃப்டுக்கு மட்டம் போட்டு மட்டம் போட்டு பாயான் பாரு ஃபேக்டரி வேலையும் போய்விட்டது. மிஞ்சியது மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்த ஒரே ஒரு டேப்தான்.

அந்த டேப்பில் எட்டுப் பாட்டு, ஆனால் ஒரே கதை. 1943-இல் ஜப்பான் ராணுவம் சயாமில் போட்ட ரயில் பாதை. ரப்பர் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிய நாள் தொடங்கி, பிழைத்தவன் வீடு திரும்பிய நாள்வரை எல்லாம் ஹெவி மெட்டலில், தமிழில். ஆறாவது பாட்டில் வரிகளே கிடையாது. ஆணி அடிப்பதுபோல் யூசுப்பின் டிரம்ஸ், அதற்குமேல் ஜப்பான் மொழியில் ஆள் எண்ணும் சற்குணத்தின் அடித்தொண்டைக் கத்தல். ‘இச்சி, நீ, சான்...’ ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

அது சற்குணத்தின் அப்பா முனுசாமியின் காதில் விழுந்த எண்ணிக்கை. பதினேழு வயதில் அந்தப் பாதையில் கட்டை சுமந்தவர். பிறகு துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்து, இப்போது வீட்டோடு கிடந்தார்.

கோலாலம்பூர் கேசட் கம்பெனி ஒன்று எட்டுப் பாட்டையும் வெளியிடத் தயார். ஆனால் அது 1992, நீள முடிக்காரர்களுக்கு டிவியில் இடமில்லை. ‘மூவரும் முடியைக் குறைத்தால் ஒப்பந்தம், இல்லையேல் அடுத்த குழுவைப் பார்க்கிறோம்’ என்று கடிதம் வந்துவிட்டது. யூசுப் வெட்டினான், வேலுவும் வெட்டினான். இடுப்புவரை வளர்த்திருந்த சற்குணம் மட்டும் அசையவில்லை.

நேற்று சாயங்காலம் அவனுக்கும் வேலுவுக்கும் சண்டை.

“ஜப்பான்காரன் உத்தரவு போட்டான்னு எங்கப்பா தலையைக் குனிஞ்சு மொட்டையடிச்சுக்கிட்டாரு. ‘நான் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் எவன் உத்தரவுக்கும் நீ தலையைக் குடுக்காதடா’ன்னு சொல்லியிருக்காரு. என்னால முடியாது வேலு.”

“அப்ப எங்க பொழப்பு?”

சற்குணம் டிராயரைக் காட்டி, “அந்த டேப்பைக் குடு. ஒரு தடவை கேக்கணும்னு அப்பா துடிக்கிறாரு. காலையில கொண்டாந்துடறேன்,” என்றான்.

“முடியை வெட்டிட்டு வா, தரேன்!” என்று கத்திவிட்டு, டிராயர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் வேலு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அடுத்த மாதம் வீட்டில் அரிசிக்கு வழி தெரியாதவன் வேறு என்ன சொல்வான்?

பத்தே முக்காலுக்கே கமாலுதீன் கேமராவும் கையுமாகப் படியேறி வந்துவிட்டார். மூவரையும் படமெடுத்து ஒப்பந்தத்தை முடிக்க வந்த கம்பெனி ஆள். அறையைச் சுற்றிப் பார்த்தார், ஆட்களை எண்ணினார்.

“மூணாவது ஆளு எங்க தம்பி? எனக்குப் பன்னெண்டு மணி ஃபெரி.”

“வந்துக்கிட்டே இருக்கான் அண்ணே. இன்னும் அஞ்சு நிமிஷம்.”

அந்த ஐந்து நிமிஷத்தை வேலு நான்கு தடவை கேட்டு வாங்கினான். கமாலுதீன் பையை மூடத் தொடங்கியபோது அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து நின்றான் சற்குணம். தலையில் ஒரு முடி இல்லை. பளபளவென்று மொட்டை.

“வெட்டிட்டான்! யூசுப், வெட்டிட்டான்லா!” வேலு பாய்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு வருஷம் வீண் போகவில்லை.

யூசுப் எழுந்து வந்து உற்றுப் பார்த்தான். “மீசையையுமா எடுத்துட்டே? கடுதாசியில அது இல்லையேடா!”

“நம்ம ஆளு குடுத்தா முழுசாத்தான் குடுப்பான்!” என்று சிரித்தான் வேலு.

கமாலுதீன் மறுபடி பையைத் திறந்து கேமராவைத் தூக்கினார். “பிரமாதம். அப்படியே நில்லுங்க தம்பி, கொஞ்சம் சிரிங்க.”

சற்குணம் சிரிக்கவில்லை. வேலுவின் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, அவனுடைய சட்டைப் பையையே பார்த்தான்.

“முடி போயிருச்சு வேலு, இப்பவாவது டேப்பைக் குடு. அப்பாவை மூணு மணிக்கு எடுக்கிறாங்க.”