கேட் டூட்டி

"தவசியையா? மெயின் கேட்டுக்கா?"

மேனேஜர் சிவராஜால் நம்ப முடியவில்லை.

"ஆமா, நாளையிலிருந்து" என்றார் முதலாளி மகுடேஸ்வரன்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. நம்ம துணி வாங்க ஃபாரின் பையர் வந்து போற புதுக் கட்டடமுங்க. இறங்குனதும் அந்த மூஞ்சியிலயா முழிக்கோணும்? அசிங்கமா இருக்குமுங்க."

"மூஞ்சியில என்ன சிவராஜு அசிங்கம்? நீ பேசற பேச்சுதான் அசிங்கம்."

வேஸ்ட் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த தவசியின் காதில் இது விழுந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

முன்பு வேலை பார்த்த சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீர் அடித்ததில் அவருக்குப் பாதி முகம் சுருங்கிப் போயிருந்தது. ஒரு கண் பிதுங்கி நிற்கும். இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து பின்பக்கத்து வேஸ்ட் குடோன்தான். சாப்பாடும் அங்கேதான். கேன்டீனில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். வாயில் வைக்க மாட்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவி கருத்தம்மா காக்கிச் சட்டையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டுல நின்னுக்கிட்டு பீடியக் குடிச்சு அசிங்கப்பட்டுராதீக."

மகள் அனுசுயா பக்கத்தில் வந்தாள்.

"அப்ப சனிக்கிழமை எங்க காலேஜ் விழாவுக்கும் வருவீங்கல்லப்பா?"

வருஷா வருஷம் கேட்பாள். வருஷா வருஷம் அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"நான் வந்தா ஒனக்கு அசிங்கம்த்தா."

"நீங்க வராததுதாம்ப்பா எனக்கு அசிங்கம்."

தவசி யோசித்தார். ஊரே பார்க்கிற கேட்டில் நிற்கப் போகிறவன், காலேஜில் வந்து நின்றால் என்ன?

"வாரேன்த்தா" என்றார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்த முனீஸ், கேட்டில் சைக்கிளை நிறுத்தினான்.

"என்னண்ணே, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசல்ல நிக்கீக! சந்தனக் கிண்ணம் எங்க?"

தவசி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து முனீஸ் பார்த்ததே இல்லை.

"நம்ம முதலாளிக்கு மனசு பெருசுண்ணே. வேற எவன் செய்வான்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் கொமரலிங்கத்திலிருந்து முதலாளியின் மச்சினர் வெள்ளியங்கிரி காரில் வந்து இறங்கினார். முதலாளியே கேட்வரை வந்து வரவேற்றார். இருவரும் புதுக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். சனிக்கிழமை லீவு கேட்க இதுதான் நேரம் என்று தவசி மெல்ல அவர்கள் பின்னால் போனார்.

"கட்டடம் ஜம்முனு இருக்குதுங்க மாப்ள. ஆனா முன்னால ஒரு திருஷ்டி பொம்மையக் காணமே?"

"கட்டி இருந்தனுங்க மச்சான். முழியும் நாக்கும் ரொம்ப அசிங்கமா இருக்குதுன்னு பையர் கழட்டச் சொல்லீட்டான்."

"அட, அப்ப ஊரு கண்ணு படாதுங்களா?"

மகுடேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குத்தானுங்க மச்சான், கேட்டுக்கு ஆள மாத்தியிருக்கறேன்."