இரண்டாவது அடுப்பு

"எந்தத் திருட்டுப் பய என் அடுப்பைத் தூக்கிட்டுப் போனது?"

டாய்ல் வாசலில் நின்று காட்டுக் கத்தலாகக் கத்தினான். விடிகாலையில் போன கரண்ட் நன்றாக விடிந்தும் வராததால், வீட்டுக்குப் பின்னாலிருந்து இறைச்சி சுடும் பார்பெக்யூ அடுப்பை உருட்டி வந்து, கரி மூட்டையையும் அதன் மேல் ஏற்றி, வாசலில்தான் நிறுத்தியிருந்தான். உள்ளே போய் சோபாவை நகர்த்தி இடம் பண்ணிவிட்டு வருவதற்குள் அடுப்பும் இல்லை, கரியும் இல்லை.

டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெயிலோடு மல்லுக்கட்டத் தெரியும். பனியோடு? மூன்று நாளாய் ஐஸ் மழை. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. நாலு வயது மேசி மூன்று ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்தாள்.

"அப்பா, எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்கு."

"இரும்மா, இப்ப சூடாயிடும்" என்றவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மனைவி நடீன் வாசலுக்கு வந்தாள். "ரோட்டைப் பாரு."

ஐஸ் மூடிய தெருவில் இரண்டு சக்கரத் தடங்கள். நேராக எதிர்வீட்டு வெண்டல் வாசலில் போய் முடிந்தன.

"வெண்டலா! கிழவனுக்கு எவ்வளவு கொழுப்பு! நேத்து மத்தியானம் யோசனையே நான்தான் சொன்னேன். 'ஏன்யா நடுங்குறே, உன் அடுப்பை உள்ள இழுத்துப் போட்டு ஜன்னலையெல்லாம் இறுக்க மூடு, ஜம்முனு இருக்கும்'னு. ருசி கண்டுட்டான். ஒண்ணு பத்தலை, ரெண்டாவது கேக்குது!"

"நேத்து அவங்க வரிசையிலதான் கரண்ட் இல்ல. நமக்கு இருந்துச்சு" என்றாள் நடீன். "யோசனை சொன்ன வாயால 'வாங்க, எங்க வீட்ல வந்து இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஆமா, அவனோட நாயையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்து கார்ப்பெட்டை நாசம் பண்ணட்டும்! நீ வேற, வாயைக் கிளறாதே."

பனிக்கால பூட்ஸ் அந்த ஊரில் யாரிடம் இருக்கிறது? ஷூவின் மேல் ரொட்டிப் பைகளை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டான். கைகளில் காலுறை. தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறை சறுக்கி விழுந்தான். விழுந்த ஒவ்வொரு முறையும் வெண்டலின் பரம்பரையையே திட்டினான்.

எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. வாசல் கதவும்தான்.

"பார்றா! ரெண்டு அடுப்பை எரிச்சு வேர்த்துக் கொட்டுதாக்கும். காத்து வாங்கறாங்க!"

கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தான். தெருவைவிடக் கூடம் ஜில்லென்று இருந்தது. வெண்டல் கோட்டும் தொப்பியுமாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் நாய். எதிரே சோபாவில் அவர் மனைவி ஓபல், நாலு போர்வைக்கு அடியில், முகம் சுவர்ப் பக்கம் திரும்பி.

"எங்கய்யா என் அடுப்பு?"

"பின்னாடி இருக்கு."

"கரி?"

"தண்ணி ஊத்திட்டேன்."

டாய்ல் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"மனுஷனாய்யா நீ? நீயும் எரிக்க மாட்டே, அடுத்தவனையும் எரிக்க விட மாட்டே. அங்க என் பொண்ணு விறைச்சுப் போய்க் கிடக்கா! அவளுக்கு ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"மெதுவாப் பேசு, தம்பி."

"எதுக்கு மெதுவா? உன் சம்சாரம் தூக்கம் கெட்டுப் போயிடுமா? எழுப்பு அவங்களை! புருஷன் பண்ணின திருட்டுத்தனத்தை அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்!"

வெண்டல் எழுந்தார். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து டாய்லின் காலுறைக் கையில் வைத்தார்.

"என் வண்டி வெட்டவெளியிலதான் நிக்குது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. குழந்தையைத் தூக்கிட்டுப் போய் அதுல உக்காந்து ஹீட்டரைப் போடு. அடுப்பை மட்டும் வீட்டுக்குள்ள வைக்காதே."

"ஏன்?"

"ராத்திரி நாய் உள்ள இருக்க மாட்டேன்னு கதவைப் பிறாண்டிச்சு. அதைக் கூட்டிக்கிட்டு நான் வண்டியில போய்ப் படுத்துட்டேன். கரியிலேர்ந்து விஷக் காத்து வரும்னு யாருக்குத் தெரியும்? நாத்தமே இல்லையே. விடிகாலையில வந்து பார்த்தேன். ஆம்புலன்சுக்குச் சொல்லி ரெண்டு மணி நேரமாச்சு, ரோடெல்லாம் ஐஸ், வர முடியலையாம். வருதான்னு பார்க்க வாசலுக்கு வந்தா, உன் வாசல்ல அடுப்பு. குழந்தை இருக்கிற வீடாச்சேன்னு பதறிப் போயிட்டேன். நீதான் சொன்னா கேக்கற ஆளு இல்லையே."

டாய்ல் சோபாவைப் பார்த்தான். போர்வை அசையவே இல்லை.

வெண்டல் குனிந்து, மனைவியின் தோளிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துவிட்டார்.

"'டாய்ல் நல்ல யோசனை சொன்னான், வீடே கதகதன்னு இருக்கு, காலையில மறக்காம அவனுக்கு நன்றி சொல்லணும்'னு சொல்லிட்டுத்தான் தூங்கினா."