ரெண்டு பேர் டென்ட்

“கம்பியை மொதல்ல உருவுங்க. இல்லாட்டி துணி கிழிஞ்சிடும்” என்றாள் ஷாமிளா.

லோகேஸ் உருவினான். கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“ராத்திரி என்னா மழை. உள்ள ஒரு சொட்டு விழல பாத்தியா?”

“மழை பேஞ்சது ஒங்களுக்கு எங்க தெரியும்? படுத்ததும் கொறட்டை.”

“நீ கதைச்சதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

“மெதுவா பேசுங்க” என்று சிரித்தபடி அவள் துணியை மடித்தாள். இருவரும் முட்டி போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, உருட்டிப் பையில் திணித்தார்கள்.

“மடிச்சாச்சா? அடுப்படிக்குப் போகணும்” என்றார் லோகேஸின் அம்மா புஷ்பம், இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்தபடி.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே காம்பராதான்; படுக்க வேறு அறை கிடையாது. லோகேஸ் வேலை செய்யும் கித்துல்கல சுற்றுலா கேம்ப்பில் கழித்துப் போட்ட டென்ட்டைக் கேட்டு வாங்கி வந்து, தினமும் ராத்திரி அதைக் காம்பராவுக்குள்ளேயே விரித்துக்கொண்டார்கள்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லையோ என்று ஷாமிளாவுக்கு உள்ளூரப் பயம். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

புஷ்பம் இறங்கவில்லை. பக்கத்தில் தூங்கும் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“தம்பி, ஒங்க கேம்ப்ல இன்னொன்னு கெடைக்குமா?”